மதகுக்கும் மில்லுக்கும் நடுவே

காரைக்கால் பஸ் நிலையத்தை விட்டுப் பின்சக்கரம் வெளியே வந்ததும் திருஞானசம்பந்தம் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார். படிக்கட்டில் ஒரு கால், காற்றில் ஒரு கால். "தருமபுரம் சாவடி ஐஸ்கம்பெனி தென்னந்தோப்பு மதகு ரைஸ்மில்லு கோட்டுச்சேரி வரிச்சிக்குடி பூவம், போறவங்க உள்ள போங்க போவாதவங்க ஓரம் போங்க" என்று எல்லாம் அந்த ஒரே மூச்சில் வருகின்றன. மூச்சு தீர்வதற்குள் ஓடி வருகிறவர்கள் ஏறிவிட வேண்டும். தீர்ந்துவிட்டால் இரண்டு விசில். அப்புறம் எவர் கைகாட்டினாலும் வண்டி நிற்காது.

வண்டியின் பெயர் சௌந்தரவல்லி. அது முதலாளி அம்பலவாணனின் தாயார் பெயர். முன்கண்ணாடிக்கு மேலே பிள்ளையார், மாதா, மக்கா என்று மூன்று படங்கள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. தினம் மூவருக்கும் ஒரே சரத்தில் பூ. அப்படியும் வாரம் ஒருமுறை பஞ்சர் ஆகாமல் இருப்பதில்லை. "மூணு பேரும் டிக்கெட் எடுக்காம வர்றாங்க. செக்கிங் ஏறுனா நாந்தானே பதில் சொல்லணும்" என்பார் சம்பந்தம். எலுமிச்சம்பழம் வைக்கிற காசில் ஒரு நல்ல டியூப் வாங்கலாம் என்பது அவர் கட்சி.

வயது நாற்பத்திரண்டு. உடம்பு தாங்குகிற அளவைவிடப் பெரிய குரல். அந்தக் குரலுக்காக டீயை விட்டுவிட்டார். சட்டைப் பையில் மிளகும் கற்கண்டும் முடிந்த காகிதப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். காதில் பென்சில், கழுத்தில் விசில், தோளில் துண்டு. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வைத்திருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் ஏறினால், "வாத்தியாரே வாங்க, வழிய விட்டுத் தாங்க." கூடையில் கோழியோடு ஒரு பெண் ஏறினால், "கோழிக்கு எடம் மடியில, ஆளுக்கு எடம் கடைசியில." ஒரே வரியை ஒரே ஆளுக்கு இரண்டு முறை சொன்னதில்லை என்று டிரைவர் மருதையன் சாட்சி சொல்கிறார். மருதையன் பேசாத மனிதர். இருபது வருஷமாக அவருக்கும் உலகத்துக்கும் நடுவே இருப்பது விசில் மட்டும்தான். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ.

ஞாயிற்றுக்கிழமை அதே விசில் கோட்டுச்சேரி பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகும். அங்கே சம்பந்தம் கபடி நடுவர். இளமையில் அவரே ஆடியவர்தான். ஆட்டத்தைவிட அவருடைய பாட்டுக்குத்தான் பெயர். அந்தக் காலத்துச் சடுகுடுவில் எதிர்க்கோட்டுக்குள் போகிறவன், தொடப்போகிறவனின் முகத்தைப் பார்த்து நாலு வரி கட்டிச் சொல்லிக்கொண்டே போவான். மூச்சு விட்டால் ஆட்டம் போயிற்று. "இப்ப வெறும் கபடி கபடின்னு முணுமுணுக்கச் சொல்லிட்டாங்க. எதிராளியப் பாத்து நீ இன்னாரு, நான் இன்னாருன்னு சொல்ல வேணாமா? பேசாமத் தொடுறதுக்கு அவன் என்ன சுவரா?" என்று கபடிச் சங்கத்து விதிப்புத்தகத்தோடு இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். விதிப்படி தடைசெய்யப்பட்ட அந்த வரிகளெல்லாம் பஸ்ஸுக்குள் வந்து குடியேறிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

அல்லியை அவர் முதலில் பார்த்தது பின்கண்ணாடி வழியாக.

மதகைத் தாண்டியதும் இடதுபக்கம் வாய்க்கால்மேடு. நாற்பது ஐம்பது கூரைகள். ஊர் முழுக்க நாற்று நடுவதும் களை பறிப்பதும் அறுப்பதும் அந்தக் கூரைகளின் கீழே இருப்பவர்கள்தான். சௌந்தரவல்லி அங்கே நிற்காது. அடுத்த நிறுத்தமான ரைஸ்மில்லுக்கு மூன்று பர்லாங்கு நடந்துபோய் ஏற வேண்டும். காரணம் கேட்டால், கால் சேறு ஸீட்டில் ஒட்டும் என்பார்கள். மழைக்காலத்தில் பண்ணை வீட்டுக்காரர்களும் வயலிலிருந்து நேரே ஏறுவதுண்டு. அந்தச் சேறு ஒட்டுவதில்லை போலும். அதற்கு வண்டி வரப்போரத்திலும் நிற்கும். சேற்றுக்குச் சாதி வைத்த நாடு இது. நிற்காததை யாரும் உத்தரவாக எழுதி ஒட்டவில்லை. சம்பந்தம் வேலைக்குச் சேர்ந்த நாளில் பழைய கண்டக்டர் அந்த இடத்தில் விசில் ஊதவில்லை. மறுநாள் இவரும் ஊதவில்லை. அவ்வளவுதான். பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

வாய்க்கால்மேட்டுக் கருப்பையனின் மகள் அல்லி கோட்டுச்சேரி பள்ளிக்கூடத்தில் படித்தாள். காலையில் தாயோடு ஒரு நடவு நட்டுவிட்டுப் புறப்படும் பெண்ணுக்கு மில் வரை நடந்து நின்று காத்திருக்க நேரமில்லை. வண்டி தன்னைத் தாண்டும்போது ஓடத் தொடங்குவாள். சாலை அங்கே ஒரு குளத்தைச் சுற்றி வளைகிறது. வண்டி வளைவைச் சுற்ற, அவள் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வரப்பின் மேல் குறுக்கே பறப்பாள். மில் வாசலில் வண்டி நிற்கும்போது அவள் நின்றுகொண்டிருப்பாள். வாயைத் திறந்து மூச்சு வாங்க மாட்டாள். மூக்கால் ஒரு இழுப்பு, அவ்வளவே. பயணிகள் ஜன்னலில் தலை நீட்டிப் பந்தயம் கட்டினார்கள். சம்பந்தம் பந்தயம் கட்டவில்லை. அந்த ஒற்றை இழுப்பைக் கவனித்தார். "இது சடுகுடு மூச்சாச்சே" என்று சொல்லி, அடுத்த ஞாயிறு அவளை மைதானத்துக்கு வரச்சொன்னார்.

பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் கபடி ஆடுவதா என்று மைதானத்தைச் சுற்றி முனகல் இருந்தது. முனகியவர்களும் ஒரு ஆட்டத்தையும் விடாமல் பார்த்தார்கள். அல்லி எதிர்க்கோட்டுக்குள் போனால் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, நான்காவது ஆள் பிடித்த காலை ஈரச் சோப்புக் கட்டிபோல உருவிக்கொண்டு வருவாள். ஜில்லா, மாநிலம் என்று ஏறினாள். எண்பத்துநான்காம் வருஷம் மதராஸில் ஒரு பெரிய கம்பெனி அவளைத் தன் அணியில் எடுத்துக்கொண்டது. வேலை என்னவென்றால் கபடி ஆடுவதுதான். மாதம் பிறந்தால் சம்பளம். கோட்டுச்சேரி டீக்கடைகளுக்கு இது செரிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. ஆடுகிறதுக்கா சம்பளம் என்று கேட்டவர்களிடம், "நீங்க சும்மா ஒக்காந்திருக்கறதுக்குக் குத்தகை வருதுல்ல, அந்த மாதிரின்னு வச்சுக்குங்க" என்றார் சம்பந்தம்.

அந்த வாரந்தான் பாரதியார் வீதியில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருக்கும் முத்து முகம்மது அவரைக் கூப்பிட்டு ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டினார். பாரீஸில் வாழ்க்கைப்பட்ட அக்காள் ஆஸியா பீவி அனுப்பியது. அவள் மகன் அங்கே ரேடியோவிலிருந்து பிடித்தானாம்.

"எங்க லாத்தா அனுப்புனது. பாட்டுன்னு சொல்லுறாக. பாட்டே இல்ல, பேசுறான். கேளு."

தாளம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒருவன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனான். சம்பந்தம் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார்.

"யாரு பாய் இவன், எந்த ரூட்டு கண்டக்டரு?"

முத்து முகம்மது சிரித்து முடிக்க நேரமாயிற்று. சம்பந்தம் சிரிக்கவில்லை. இன்னொரு முறை போடச்சொன்னார். இது சடுகுடுப் பாட்டேதான், கடல் தாண்டிப் போய்ச் சட்டைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவன் மொழியில் அவன் சொன்னால் நம் மொழியில் நாம் சொல்லக்கூடாதா என்றார். பாட்டு யாரைப் பற்றி என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

ஒலிப்பதிவு ஒரு வெள்ளிக்கிழமை பகலில் நடந்தது. ஜன்னல்களில் சாக்குகளை நனைத்துக் கட்டினார்கள். ஷெட்டில் கழற்றிப் போட்டிருந்த பழைய பஸ் கதவு ஒன்றைச் சம்பந்தம் ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தார். வண்டித் தகரத்தைத் தட்டித்தான் அவருக்குப் பழக்கம். மத்தளம் அவருக்கு எதற்கு? முத்து முகம்மது பிஸ்கட் டின்னில் தாளம் பிடித்தார். முதல் தடவை இருமல் வந்தது. இரண்டாம் தடவை கரண்டு போயிற்று. மூன்றாம் தடவை மூன்று நிமிஷமும் சரியாக வந்தது. கதவு அதிர்ந்தது, விசில் பறந்தது.

"ஏறு ஏறு எடமிருக்கு, எங்க ஊருக்குத் தடமிருக்கு. கோட்டத் தாண்டி அல்லி வந்தா கோட்டுச்சேரி கிடுகிடுக்கும். புடிச்ச கையி புடிச்சிருக்கும், பொண்ணு மட்டும் வீட்டுலருக்கும்" என்று அது தொடங்கும். ஊரே மனப்பாடம் செய்தது நடுவில் வரும் இடத்தைத்தான். "பஸ்ஸு முன்ன, பொண்ணு பின்ன. மில்லு வந்தா பொண்ணு முன்ன, பஸ்ஸு பின்ன, பஸ்ஸு பின்ன." கடைசியில் நிறுத்தப் பெயர்கள் ஓடும். காரைக்கால் பஸ் நிலையத்தில் தொடங்கி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விசிலோடு பூவம், தரங்கம்பாடி, சிதம்பரம், கடலூர் என்று மதராஸ் வரை போய், "எல்லா ஊரும் வழிய வுடு, எங்க பொண்ணு வர்றா வர்றா" என்று முடியும்.

மூன்று நிமிஷப் பாட்டுக்கு அறுபது நிமிஷக் கேசட். மிச்ச இடத்தைக் காலியாக விட முத்து முகம்மதுவுக்கு மனம் வரவில்லை. அதே பாட்டைத் திரும்பத் திரும்ப இரண்டு பக்கமும் நிரப்பிவிட்டார். ஒரு கேசட்டில் ஒரே பாட்டா என்று கேட்டவர்கள் இரண்டாம் நாள் அதையே கேட்டு வாங்கிப் போனார்கள்.

சௌந்தரவல்லியில் அது முதன்முதலாக ஒலித்த காலை மறக்க முடியாதது. டிரைவர் தலைக்கு மேலிருந்த டேப் ரெக்கார்டரில் கேசட்டைச் செருகிவிட்டுச் சம்பந்தம் பின்பக்கம் டிக்கெட் போடப் போனார். பாட்டு நிறுத்தப் பெயர்களுக்கு வந்தது. விசில் கேட்டது. மருதையன் பிரேக்கை மிதித்தார். நடு வயல், ஒரு ஈ காக்கை இல்லை. மறுபடி எடுத்தார், மறுபடி விசில், மறுபடி பிரேக். ஐஸ்கம்பெனியிலிருந்து தென்னந்தோப்பு போவதற்குள் ஒன்பது இடத்தில் வண்டி நின்றது. ஒரு பெரியவரின் தலையில் தயிர்ச்சட்டி கவிழ்ந்தது. "யாருய்யா எறங்கறது, எறங்கித் தொலைங்களேன்" என்று மருதையன் அந்த வருஷத்தின் முதல் முழு வாக்கியத்தைப் பேசினார். சம்பந்தம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாளிலிருந்து மருதையன் விசில் கேட்டால் முதலில் கண்ணாடியைப் பார்ப்பார். சம்பந்தத்தின் வாயில் விசில் இருந்தால்தான் பிரேக்.

பாட்டு சலூனுக்குப் போயிற்று, கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்குப் போயிற்று, கருக்களாச்சேரி கடற்கரையில் வலை இழுப்பவர்களின் வாய்க்குப் போயிற்று. பொண்ணு முன்ன, பஸ்ஸு பின்ன என்று சொல்லித்தான் வலையை இழுத்தார்கள். பாட்டுக்காகவே இந்த வண்டிக்குக் காத்திருந்து ஏறினார்கள். முதலாளி அம்பலவாணன் மகிழ்ந்து, இன்னொரு ஒலிபெருக்கிப் பெட்டியைப் பின்பக்கம் மாட்டிக்கொடுத்தார்.

பொங்கலுக்கு அல்லி விடுப்பில் வந்தாள். காரைக்காலில் ஏறினாள். நீல நிற விளையாட்டுச் சட்டை, தோளில் பை. வண்டியே எழுந்து நின்று பேசியது. சம்பந்தம் பாட்டை முதலிலிருந்து போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸு முன்ன என்ற இடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நிறுத்தப் பெயர்கள் வந்தபோது அவள் விரல்கள் முன்ஸீட்டுக் கம்பியில் ஒவ்வொன்றாய் மடங்கின. பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை போடச்சொன்னாள். மறுபடி விரல்கள் மடங்கின.

"நல்லாருக்குண்ணே. மெட்ராஸ்ல எங்க டீம் புள்ளைவளுக்குப் போட்டுக் காட்டணும்" என்றாள். பிறகு, சிரிப்பு மாறாமலே, "பாட்டுல மதகு வருது. அப்பறம் மில்லு வருது. நடுவுல நான் எங்கேந்துண்ணே வந்தேன்? வானத்துலேந்து குதிச்சேனா?"

சம்பந்தத்தின் பல்லில் மிளகு இருந்தது, கடிக்க மறந்தார். வேண்டுமென்று விட்ட பெயர் அல்ல அது. பதினோரு வருஷம் ஒரே மூச்சில் மதகு ரைஸ்மில்லு, மதகு ரைஸ்மில்லு என்று சொல்லி நாக்கில் விழுந்த தடம். பெண்ணைப் பாடத் தொடங்கியவர் பெண்ணின் ஊரைத் தாண்டிப் போய்விட்டார், வண்டி போவதைப்போலவே. அவள் ஓடி ஜெயித்ததை ஊரே ரசிக்கப் பாடியிருந்தார். ஏன் ஓடினாள் என்பது அந்த விட்டுப்போன ஒரு பெயருக்குள்ளே கிடந்தது.

வண்டி அதற்குள் வாய்க்கால்மேட்டைத் தாண்டிவிட்டிருந்தது. அல்லி மில்லில் இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று பர்லாங்கு திரும்பி நடந்தாள்.

அன்று பூவத்தில் வண்டி காலியானதும் டிரைவர் தலைக்கு மேலே கண்ணாடி போட்டுத் தொங்கும் கட்டணப் பட்டியலைச் சம்பந்தம் துண்டால் துடைத்தார். அரசாங்க முத்திரையோடு உள்ள பட்டியல். ஏழாவது வரி வாய்க்கால்மேடு. அச்சில் இருந்தது. தினம் அதற்குக் கீழே நின்றுதான் அவர் தலைவாருகிறார்.

மறுநாளே ரெக்கார்டிங் சென்டருக்குப் போனார். மறுபடியும் சாக்கு நனைந்தது, கதவு சாய்ந்தது. இந்த முறை மதகுக்கும் மில்லுக்கும் நடுவே வாய்க்கால்மேடு வந்தது, நீண்ட விசிலோடு. பழைய கேசட்டைக் கொண்டுவருகிறவர்களுக்கு இலவசமாக மாற்றிப் பதிந்து தருவதாக முத்து முகம்மது பலகை எழுதி வைத்தார். "மத்த பேரெல்லாம் மூச்சுல சொன்னே. இத மட்டும் தொண்டையில சொல்லிருக்கே" என்றார் அவர்.

முதலாளி புதுப் பாட்டையும் கேட்டார். கோபப்படவில்லை. "பாட்டுல எந்தப் பேர வேணும்னாலும் சொல்லிக்க சம்பந்தம். நல்லாத்தான் இருக்கு. வண்டி மட்டும் அங்க நிக்கக் கூடாது. நின்னுதுன்னு வச்சுக்க, நீயும் அங்கேயே எறங்கிக்க வேண்டியதுதான்" என்றார். இந்த நாட்டில் பாட்டுக்கு எப்போதும் அனுமதி உண்டு.

வீட்டில் மனைவி சொர்ணாம்பாளிடம் சொன்னார். வேலை போனால் என்ன செய்வது என்று அவர் கேட்கப்போக, "காலையில எழுந்திரிச்சு கொல்லைக்கும் வாசலுக்கும் ஸ்டாப்பு பேரு கூவிக்கிட்டுத் திரிங்க. எனக்கும் போது போவும்" என்றாராம் அந்த அம்மாள். அது தைரியமா கேலியா என்று இன்றுவரை தெரியவில்லை என்கிறார்.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. ஒவ்வொரு நடையிலும் பாட்டு வாய்க்கால்மேடு என்று கூவும், விசில் அடிக்கும், மருதையன் கண்ணாடியில் பார்ப்பார், சம்பந்தம் டிக்கெட் புத்தகத்தைப் பார்ப்பார், வண்டி போய்விடும். அந்த மூன்று வாரமும் பயணிகளுக்கு வரி ஒன்றும் கிடைக்கவில்லை. கோழிக்காரப் பெண்மணி, கண்டக்டருக்குக் காய்ச்சலா என்று மருதையனிடம் விசாரித்தாள்.

அகில இந்தியப் போட்டியில் கம்பெனி அணி கோப்பை வாங்கியது. அல்லிக்குக் கோட்டுச்சேரி மைதானத்தில் ஒரு ஞாயிறு மாலை பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. தலைமை, அம்பலவாணன். கார் இருந்தும், தன் வண்டியிலேயே ஜனங்களோடு போய் இறங்குவது அழகு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். காரைக்காலில் ஏறி முன்ஸீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தில் பொன்னாடைப் பெட்டி. வண்டி நிறைந்து கம்பியில் தொங்கியது. அந்தப் பெட்டி மட்டும் உட்கார்ந்து வந்தது. வண்டிக்குள்ளேயே சிதறுதேங்காய் உடைத்ததுபோல் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விழாக் கூட்டம், பாட்டு முழு ஒலியில்.

தென்னந்தோப்பு தாண்டியதும் முதலாளி மேடைப் பேச்சை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். சம்பந்தத்தின் பக்கம் திரும்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நம்ம வண்டி அங்க நிக்காததுனாலதான் அந்தப் பொண்ணு ஓடுனுச்சு. ஓடுனதுனாலதான் இன்னைக்கு சாம்பியன். ஒரு வகையில பாத்தா கோச்சு நாமதான். இத மேடையில சொல்லலாம்ல?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சம்பந்தமும் சிரித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தில் வந்த சிரிப்பு.

"சொல்லலாம் முதலாளி. அப்படியே வாய்க்கால்மேட்டுல மத்த முந்நூறு பேரையும் ஏன் இன்னும் சாம்பியனாக்கலன்னும் சேத்துச் சொல்லிடுங்க" என்றார்.

மதகில் இரண்டு பேர் ஏறினார்கள். வண்டி நகர்ந்தது. ஒலிபெருக்கியில் பெயர்கள் ஓடத் தொடங்கின. வாய்க்கால்மேடு என்று பாட்டு கூவியது. கேசட்டின் விசில் நீளமாக ஒலித்தது. மருதையன் கண்ணாடியைப் பார்த்தார்.

சம்பந்தம் கைநீட்டி டேப் ரெக்கார்டரை அணைத்தார். வண்டிக்குள் திடீரென்று எஞ்சின் சத்தம் மட்டும். விசிலை வாயில் வைத்து ஒன்று ஊதினார்.

மருதையனின் கால் எவரையும் கேட்கவில்லை. சௌந்தரவல்லி, ஓடத் தொடங்கிய நாள்முதல் முதல்முறையாக, வாய்க்கால்மேட்டின் எதிரே நின்றது.

சாலையோரத்தில் ஏழெட்டுப் பேர் மில்லைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். விழாவுக்குத் துவைத்துக் கட்டிய வேட்டியும் சேலையும், வாய்க்காலில் இறங்கி வந்ததால் முழங்கால் வரை சேறு. நடுவில் அல்லி, காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு. யாரும் வண்டியை நோக்கி வரவில்லை. அவள் தந்தை கருப்பையன் மட்டும் நாலடி வந்து, சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"பஞ்சருங்களா?"

"இல்லீங்க. ஸ்டாப்பு. ஏறுங்க" என்றார் சம்பந்தம்.

"சம்பந்தம்" என்று உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது, தாழ்ந்து. சம்பந்தம் திரும்பவில்லை. அவர் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். விட்டால் பயம் உள்ளே வந்துவிடும் என்பதுபோல. அல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூக்கால் ஒரு இழுப்பு, ஏறிவிட்டாள். வண்டி அதிரும்படி கைதட்டல். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் ஏறினார்கள். கோழிக்காரப் பெண்மணி தானாக நகர்ந்து பெண்களுக்கு இடம் கொடுத்தாள்.

கடைசியாக ஏறிய கருப்பையன் படிக்கட்டிலேயே உட்காரப் போனார். தன் காலைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டு, "இங்கேயே இருந்துக்கறேங்க" என்றார்.

சம்பந்தம் அவர் தோளைத் தொட்டு எழுப்பினார். முன்பக்கம் கூட்டிப்போனார். பொன்னாடைப் பெட்டியைத் தூக்கி முதலாளியின் மடியில் வைத்தார். தன் தோள் துண்டை உருவி, காலியான அந்த இடத்தில் பட்பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினார்.